‘கண்டதையும் தின்னா பரு வரும்’: யாருடைய சாப்பாடு ‘கண்டது’?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு முகம் முழுக்கப் பரு. நெற்றி, கன்னம், தாடை என்று ஓர் இடம் பாக்கியில்லை. சில பருக்கள் சீழ் வைத்து உடைந்து, கறுப்புத் தழும்பாக நின்றுவிடும். தலையைக் குனிந்தபடியே நடந்து பழகியிருந்த வயது அது.

ஒருநாள் அறிவியல் வகுப்பில் ஆசிரியை என் மேசைக்கு அருகில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தார். "நீங்கெல்லாம் கண்டதையும் திங்கிறீங்க. அதான் மூஞ்சி இப்படி இருக்கு" என்றார். வகுப்பு சிரித்தது.

அந்த வகுப்பில் காலனியிலிருந்து வந்தவர்கள் நாங்கள் மூன்று பேர். அவர் சாதிப் பெயர் எதையும் சொல்லவில்லை. ‘நீங்கெல்லாம்’ என்றார், ‘கண்டதையும்’ என்றார். அந்த இரண்டு சொற்களுக்கும் என்ன பொருள் என்று அந்த அறையில் இருந்த நாற்பது பேருக்கும் தெரியும். பரு இருந்தது எனக்கு மட்டும்தான். பக்கத்தில் இருந்த இருவருக்கும் முகம் பளிங்குபோல இருந்தது. ஆனாலும் ‘நீங்கெல்லாம்’தான்.

அந்த வாரத்திலிருந்து நான் கறி சாப்பிடுவதை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பெரிய கறி கொதிக்கும். நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். முட்டையும் வேண்டாம், கருவாடும் வேண்டாம். ஆயாவுக்குப் புரியவில்லை. "மூஞ்சியில பரு வந்தா வந்துட்டுப் போவுது. ஒடம்புல ரத்தம் வேணாவாடி?" என்று கேட்டது. நான் ஆயாவைப் படிக்காதவள் என்று நினைத்தேன். ஆசிரியை படித்தவர் என்று நினைத்தேன்.

அடுத்த ஆண்டு காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே. ஓராண்டு பத்தியத்தில் ஒரு பருகூடக் குறையவில்லை. ரத்தம்தான் குறைந்திருந்தது.

பல ஆண்டுகள் கழித்து இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அண்மையில் ஒரு மாணவியர் விடுதியில் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து கேட்டாள்: "அக்கா, முட்டை சாப்பிட்டா பரு வருமாக்கா?" தனக்குக் கிடைக்கும் முட்டையை அவள் தினமும் பக்கத்தில் இருக்கும் பெண்ணுக்குக் கொடுத்துவிடுகிறாளாம். வாரத்தில் அவளுக்குக் கிடைக்கும் உருப்படியான புரதமே அந்த முட்டைதான். அவளுக்கு அங்கே நின்று சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பரு என்பது என்ன?

முதலில் அறிவியலைப் பார்ப்போம். பதின்வயதில் ஆண், பெண் இருபாலருக்கும் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் கூடுகின்றன. அவை தோலுக்கடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. சுரக்கும் எண்ணெயும் உதிரும் தோல் செல்களும் சேர்ந்து மயிர்க்கால் துளையை அடைத்துக்கொள்கின்றன. நம் தோலில் எப்போதும் வாழும் ஒரு பாக்டீரியா அந்த அடைப்புக்குள் பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கிறது. வீக்கமும் சீழும் வருகின்றன. அவ்வளவுதான் பரு. உலகெங்கும் பதின்வயதினரில் பத்துக்கு எட்டுப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது. அம்மா அப்பாவுக்குக் கடுமையாக வந்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு அதிகம். இதில் அழுக்கும் இல்லை, ஒழுக்கமும் இல்லை. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் நிற்காது. அதிகமாகத் தேய்த்தால் புண்தான் பெரிதாகும்.

அப்படியானால் உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லையா? நெடுங்காலம் மருத்துவர்கள் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் அந்தக் கருத்து கொஞ்சம் மாறியிருக்கிறது. தொடர்பு இருக்கிறது, ஆனால் சிறியது. நம் ஊரில் எந்தப் பக்கம் கையை நீட்டுகிறார்களோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறது.

பப்புவா நியூ கினியாவில் கிட்டாவா என்றொரு தீவு. அங்கே 1,200 பேரின் முகத்தை மருத்துவர் ஒருவர் நேரில் சோதித்துப் பார்த்தார். அவர்களில் 300 பேர் 15 முதல் 25 வயதுக்குள் இருந்தவர்கள். ஒருவருக்குக்கூடப் பரு இல்லை. தென் அமெரிக்காவின் பராகுவேயில் வாழும் ஆச்சே பழங்குடியினர் 115 பேரிடமும் இல்லை. 2002ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வு தோல் மருத்துவ உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அவர்கள் சைவமா? இல்லை. கிட்டாவாவில் கிழங்கும் பழமும் தேங்காயும் மீனும். ஆச்சே மக்களிடம் மரவள்ளியோடு வேட்டைக் கறியும் வளர்ப்புக் கறியும். அவர்களிடம் அநேகமாக இல்லாதவை வெள்ளைச் சர்க்கரை, மைதா, பாக்கெட் தீனி, பால். மரபணுவும் வாழ்க்கை முறையும் வேறு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் கேள்வி எழுந்துவிட்டது.

2007இல் ஆஸ்திரேலியாவில் அந்தக் கேள்வியைச் சோதித்தார்கள். பருவால் அவதிப்பட்ட 15 முதல் 25 வயது வரையிலான 43 இளைஞர்கள், இரண்டு குழுக்கள், 12 வாரங்கள். ஒரு குழு வழக்கமான மாவுச்சத்து உணவைச் சாப்பிட்டது. இன்னொரு குழுவுக்கு, ரத்தத்தில் சர்க்கரையை விரைவாக ஏற்றும் உணவுகளைக் குறைத்து, அந்த இடத்தில் கொழுப்புக் குறைந்த இறைச்சி, கோழி, மீன் போன்ற புரத உணவுகளையும் முழுத்தானியங்களையும் கூட்டினார்கள். முடிவில் முதல் குழுவில் சராசரியாக 12 பருக்கள் குறைந்தன. கறியும் மீனும் கூட்டிச் சாப்பிட்ட இரண்டாம் குழுவில் 23க்கு மேல் குறைந்தன.

எனக்குப் பாடம் நடத்திய அந்த ஆசிரியையிடம் இந்த ஆய்வைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்போல இருந்தது.

காரணமும் ஓரளவு தெரிந்ததுதான். வெள்ளை அரிசிச் சோறு, மைதா, சர்க்கரை, குளிர்பானம் ஆகியவை ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுகின்றன. உடல் இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. அதோடு இன்சுலின் போன்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து ஆண்ட்ரோஜனையும் எண்ணெய்ச் சுரப்பையும் தூண்டிவிடுகின்றன. பாலுக்கும், குறிப்பாகக் கொழுப்பு நீக்கிய பாலுக்கும், பருவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில பெரிய கணக்கெடுப்பு ஆய்வுகள் சொல்கின்றன. உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் கலக்கிக் குடிக்கும் மோர்ப்புரத மாவால் பரு கூடியதாகவும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பால் பற்றிய சான்று இன்னும் உறுதியானதல்ல. அதை நம்பி யாரும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. சந்தேகப் பட்டியலில் சர்க்கரையும் வெள்ளைச் சோறும் பாலும் இருக்கின்றன. ஆனால் ‘பால் குடிக்கிறியா? அதான் உன் மூஞ்சி இப்படி இருக்கு’ என்று இந்த நாட்டில் எந்த ஆசிரியராவது எந்தக் குழந்தையையாவது கேட்டிருக்கிறாரா? ‘நீங்கெல்லாம் நெய்ப் பொங்கல் திங்கிறவங்க’ என்று ஒரு வகுப்பு சிரித்திருக்கிறதா?

பழி மட்டும் ஏன் கறிமேல்?

‘சூடு’ என்ற நம்பிக்கை எல்லாச் சாதியிலும் இருக்கிறது, இதில் சாதியை ஏன் இழுக்கிறாய் என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். என் ஆயாவும் கோழி சூடு, மாம்பழம் சூடு, மோர் குளிர்ச்சி என்று சொல்லும். அது நாட்டு மக்களின் அனுபவ வழக்கு. அதில் சரியும் இருக்கும், தவறும் இருக்கும். ஆனால் மாம்பழம் தின்று கட்டி வந்தால் அது பழத்தின் குணம். கறி தின்று பரு வந்தால் அது தின்றவரின் குணம். உணவைப் பற்றிய பேச்சு ஆளைப் பற்றிய பேச்சாகத் தாவும் அந்த இடத்தில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

அதற்கு நீண்ட வரலாறு உண்டு. பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயம் உணவை மூன்றாகப் பிரிக்கிறது. சாறும் கொழுப்பும் நிறைந்த உணவு சாத்வீகருக்குப் பிரியமானது. அது ஆயுளும் ஆரோக்கியமும் தரும். பழையது, நாறியது, பிறர் உண்ட எச்சில் ஆகியவை தாமச குணமுள்ளவருக்குப் பிரியமானவை. இனி மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். ஏவல் செய்யும் சூத்திரனுக்கு எச்சில் சோற்றையும் பழந்துணியையும் கொடுக்கச் சொல்கிறது. சண்டாளர்கள் உடைந்த ஓட்டில்தான் உண்ண வேண்டும் என்கிறது. ஒரு நூல் மிச்சத்தைக் கையில் திணிக்கிறது. இன்னொரு நூல் ‘மிச்சத்தை விரும்புகிறவன் இருண்ட குணத்தான்’ என்று சான்றிதழ் தருகிறது. ‘கண்டதையும் தின்கிறவர்கள்’ என்ற வசை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிறந்தது. கண்டதைத் தின்னும் நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, பிறகு அதையே அவருடைய பிறவிக் குணமாக ஆக்குவது.

அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதோர் யார்?’ நூலில், மாட்டிறைச்சி உண்பதைத் தீண்டாமையின் வேராகவே வைத்து ஆராய்ந்தார். ஒரு காலத்தில் எல்லோரும் உண்ட உணவு எப்படிச் சிலரைத் தள்ளிவைக்கும் கோடாக மாற்றப்பட்டது என்று காட்டினார். அந்தக் கோடு அழியவில்லை; இடம் மாறியிருக்கிறது. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி விடுதி உணவகம் ஒன்றில் சைவர்களுக்குத் தனி வாசல், தனிக் கை கழுவுமிடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்த பிறகுதான் எடுத்தார்கள். தீட்டு என்று எழுத முடியாது, அதனால் ‘சுகாதாரம்’, ‘உணவு விருப்பம்’ என்று எழுதுகிறார்கள்.

இதே வேலையை அறிவியல் மொழியிலும் செய்கிறார்கள். கர்நாடகத்தில் 2021 டிசம்பரில் சில மாவட்டப் பள்ளிகளில் முட்டை கொடுக்கத் தொடங்கியதும் மடாதிபதிகள் சிலர் எதிர்த்தார்கள். எங்களுக்கு முட்டை வேண்டும் என்று பள்ளி மாணவி ஒருத்தி கேமரா முன்னால் துணிந்து பதில் சொன்னதை நாடே பார்த்தது. அடுத்த ஆண்டு, தேசியக் கல்விக் கொள்கைக்காக அதே மாநிலத்தில் தயாரான ஓர் ஆவணம், முட்டையும் இறைச்சியும் தொடர்ந்து சாப்பிட்டால் வாழ்க்கைமுறை நோய்கள் வரும், ஹார்மோன் சமநிலை குலையும் என்று எழுதியது. ஹார்மோன் குலையும், பரு வரும், புத்தி மந்தமாகும், கோபம் வரும்! மடத்தில் சொன்னால் எதிர்த்துப் பேசுவார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டுச் சொன்னால் ஒரு பதினைந்து வயதுப் பெண் முட்டையை எடுத்துப் பக்கத்துத் தட்டில் வைத்துவிடுவாள்.

நடைமுறை அறிவோடு பார்த்தாலே இந்தக் கதை நிற்காது. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 97 சதவீதத்துக்கும் அதிகமானோர் அசைவம் உண்பவர்கள். கறிதான் காரணம் என்றால், மீதியுள்ள இரண்டரை சதவீதத்தினர் வீடுகளில் பருவுக்குக் களிம்பே வாங்கியிருக்கக் கூடாது.

தட்டில் இருப்பதும் இல்லாததும்

சரி, வெள்ளைச் சோறும் சர்க்கரையும்தான் காரணம் என்றால் அதைக் குறைத்துவிடலாமே? சமூக ஊடகத்தில் தோல் பராமரிப்பு சொல்லித்தரும் அக்காக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். காலையில் ஊறவைத்த பாதாம், நடுவில் அவகேடோ, மாலையில் சியா விதை, இரவில் ஒரு கிண்ணம் பெர்ரி. அவர்கள் சொல்வது தவறில்லை. யாரிடம் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அரசு விடுதிகளில் தங்கும் பள்ளி மாணவருக்கான உணவுப்படி மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக 2023இல் உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 47 ரூபாய்கூட வராது. அதில் மூன்று வேளை. நகரத்துக் கடையில் ஒரு சாதா தோசையின் விலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பணத்தில் வயிறு நிறைய வேண்டுமென்றால் சோறுதான். குழம்பில் காய் தேடித்தான் பார்க்க வேண்டும். சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்பதை நம்பிக்கையின்பேரில் ஏற்றுக்கொள்ள வேண்டும். 2025இல் இந்த விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் வைத்தார்கள். பலகையில் வந்த சமூகநீதி தட்டுக்கும் வர வேண்டும்.

வீட்டிலும் அதே கதைதான். ரேஷனில் அரிசி இலவசம். துவரம்பருப்பு குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளைக்கு எட்டு கிராம் சொச்சம். அதோடு சர்க்கரை, பாமாயில். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ரேஷன் அரிசியை நான் குறை சொல்லவில்லை. அந்த அரிசி இல்லாமல் என் குடும்பம் பல மாதங்களைக் கடந்திருக்காது. ‘இலவசம் மக்களைக் கெடுக்கிறது’ என்று பேசுகிறவர்களோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. பசியைத் தீர்த்த திட்டம் அடுத்து சத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் என் வாதம். அரிசியைக் குறைக்க வேண்டாம். பருப்பைக் கூட்டுங்கள், பயறும் கொண்டைக்கடலையும் நிலக்கடலையும் சேருங்கள்.

இந்த மண்ணுக்கு அது புதிதல்ல. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் கருணாநிதி ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. பிறகு படிப்படியாகக் கூடி 2010இல் வாரத்துக்கு ஐந்து முட்டை ஆனது. வடக்கே 2015இல்கூட அங்கன்வாடிக்கு முட்டை கொடுக்க மாட்டோம் என்று மத்தியப் பிரதேச முதலமைச்சர் சொன்னபோது, இங்கே அது விவாதமே இல்லை. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்தச் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் உடல் வளர்ச்சி நின்றுவிடுமா? மாதவிடாயில் ரத்தம் போவது நின்றுவிடுமா? அரசுப் பள்ளியில் பதினாறு வயதுப் பிள்ளை மதியம் என்ன சாப்பிடுகிறது என்று கேட்க நம்மிடம் ஒரு திட்டமும் இல்லை. பள்ளி வாசல் கடையில் பத்து ரூபாய்ப் பாக்கெட்டும் கலர் சோடாவும் இருக்கின்றன. தோல் மருத்துவம் எதைக் குறைக்கச் சொல்கிறதோ, ஏழைப் பிள்ளைக்குக் கைக்கெட்டும் விலையில் கிடைப்பது அதுதான்.

தோலில் தெரியும் கூலி

பரு பெரும்பாலும் வந்து போவது. அதைவிடக் கவலைப்பட வேண்டிய வேறு சில செய்திகளையும் தோல் சொல்லும். நம் தெருக்களில் அவற்றைப் பார்த்துப் பழகிவிட்டதால் நாம் படிப்பதில்லை.

கடைவாயில் வெடிப்பும் புண்ணும் ‘பி’ வகை வைட்டமின்களும் இரும்புச்சத்தும் குறைவதன் அடையாளம். முழங்கையிலும் முழங்காலிலும் தோல் சொரசொரவென்று முள்முள்ளாக இருந்தால், தவளைத் தோல் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். வைட்டமின் ஏ, தேவையான கொழுப்பு ஆகியவற்றின் பற்றாக்குறையோடு தொடர்புடையது. துத்தநாகம் குறைந்தால் புண் ஆறாது. ரத்தம் குறைந்தால் முகம் வெளிறும், கொத்துக் கொத்தாக முடி கொட்டும். தக்காணத்தில் சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழை உழைப்பாளிகளுக்குப் பெல்லக்ரா என்ற நோயால் வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்து உரிந்ததை, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன விஞ்ஞானிகள் 1960களில் விரிவாக ஆராய்ந்தார்கள். அந்தத் தோலைப் பார்த்து அன்றும் யாராவது ‘இவர்கள் குளிப்பதில்லை’ என்று சொல்லியிருப்பார்கள். உண்மையில் அது கூலி போதவில்லை என்று சொன்ன தோல்.

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது ஒரு வகுப்பில் பாதிக்கு மேல். இந்த நிலையில் இரும்பும் துத்தநாகமும் பி12உம் ஒரே இடத்தில் மலிவாகக் கிடைக்கும் உணவு எது? ஆட்டுக்கறி விலையில் பாதிகூட இல்லாத மாட்டுக்கறி. ஈரல், சுவரொட்டி, ரத்தப் பொரியல், குடல், கருவாடு. யாரும் வேண்டாம் என்று தள்ளிய உறுப்புகளை வைத்து நம் பாட்டிகள் கண்டுபிடித்த சமையல் அது. வேறு கறி வாங்க வழியில்லாமல் பிறந்ததுதான். அதை நான் புனிதமாக்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சமையலறை ஆயாக்கள் ரத்தம் கூட்டும் வழி அறிந்திருந்தார்கள். எந்தப் பிள்ளைக்கு அது மிகவும் தேவையோ, அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் ‘கறி தின்னாதே, மூஞ்சி கெட்டுடும்’ என்கிறார்கள். விரும்பிச் சைவம் உண்பவர்கள் பருப்பும் பயறும் கீரையும் எள்ளும் சேர்த்துச் சத்தைத் தேடிக்கொள்ளலாம், பி12க்கு மாத்திரை எடுக்கலாம். அது அவரவர் உரிமை. அவமானத்தால் கறியை விடுவது அப்படிப்பட்ட தேர்வு அல்ல.

களிம்பு விற்பவர்கள்

உணவில் குற்றவுணர்வைக் கொடுத்த பிறகு, அந்த முகத்தோடு அடுத்துப் போவது மருந்துக் கடைக்கு. கறுத்த தோலில் பரு ஆறிய பிறகும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அது இயல்பு, மெல்ல மங்கும். ஆனால் 1975இலிருந்து ‘வெள்ளையானால் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைப்பான்’ என்று ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரங்கள் சொல்லிவந்த ஊர் இது. 2020இல் பெயரில் இருந்த ‘ஃபேர்’ ‘க்ளோ’வாக மாறியது. ஆசை மாறவில்லை. நிறத்தையும் சாதியையும் சேர்த்தே பார்க்கும் ஊரில், தழும்பை மறைக்க எதையும் பூசத் தயாராக இருக்கிறோம்.

மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கேட்டால் எடுத்துத் தரும் சில குழாய்க் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. பூசிய ஒரு வாரத்தில் முகம் வெளுக்கும், பரு அமுங்கும். சில மாதங்களில் தோல் மெலிந்து, சிவந்து, ரத்த நாளம் தெரிய ஆரம்பிக்கும். முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாகப் பரு வெடிக்கும். இவற்றில் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது. விதி அரசிதழில் இருக்கிறது. களிம்பு பெட்டிக்கடை வரைக்கும் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்குச் சொன்னது

"முட்டையால் பரு வராது. நாளையிலிருந்து உன் முட்டையை நீயே சாப்பிடு" என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு எனக்குத் தெரிந்த மற்றவற்றைச் சொன்னேன். கலர் சோடா, பாக்கெட் தீனி, சர்க்கரை அதிகம் போட்ட டீ ஆகியவற்றைக் குறைத்துப் பார். சிலருக்குப் பலன் இருக்கும். வெறும் சோறாகச் சாப்பிடாமல் பருப்பு, சுண்டல், முட்டை, கறி, காய் எது கிடைக்கிறதோ அதைச் சேர்த்துச் சாப்பிடு. சர்க்கரை மெதுவாக ஏறும். கிள்ளாதே. சோப்புப் போட்டு அழுத்தித் தேய்க்காதே. கட்டி கட்டியாக, வலியோடு வந்தால், அல்லது குழி விழுந்தால் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போ. நல்ல மருந்து இருக்கிறது, பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போய், பருவும் முகத்தில் முடியும் சேர்ந்து வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல், வெட்கப்படாதே. கடைக்காரர் தரும் களிம்பைப் பூசாதே.

அவளிடம் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இதில் பாதி அவள் கையில் இல்லை. விடுதித் தட்டில் என்ன விழ வேண்டும் என்று அவள் முடிவு செய்ய முடியாது. அதை நாம்தான் கேட்க வேண்டும். சத்துணவையும் முட்டையையும் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிக்க வேண்டும். விடுதி உணவுப்படியை ஆட்சியாளரின் மனம் இரங்கும்போது உயர்த்தாமல், விலைவாசியோடு சேர்த்து ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும். ரேஷனில் பருப்பும் பயறும் கூட வேண்டும். ஸ்டீராய்டுக் களிம்பு விற்பனைமேல் நடவடிக்கை வேண்டும். இவை எல்லாம் ஆர்ப்பாட்டத்தில் எழுப்பத் தகுந்த முழக்கங்கள்தான். தோல் பராமரிப்பு என்று சொல்லி இதைச் சிறிய விஷயமாக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, எந்த அரசாணையும் தேவைப்படாதது. ஒரு பிள்ளையின் முகத்தில் பருவைப் பார்த்தால் ‘என்ன தின்ன?’ என்று கேட்பதை நாம் நிறுத்தலாம். ‘சாப்பிட்டியா?’ என்று கேட்கலாம்.

அந்த விடுதியிலிருந்து கிளம்பும்போது அவள் வாசல் வரைக்கும் வந்தாள். "அக்கா, கறியும் சாப்பிடலாமாக்கா?" என்றாள். "எந்தக் கறி?" என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பெரிய கறி" என்றாள்.

"சத்தமா சொல்லு" என்றேன்.